ஸ்கேன் படத்தில் ஒரு வெள்ளைக் கோடு

இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்திய பிறகு, என் மனைவியின் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்பதை ஒரு கம்ப்யூட்டர் திரையில் பார்க்க வேண்டி வந்தது. அவள் பக்கத்து அறையில் கவுனைக் கழற்றிச் சேலை கட்டிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, டாக்டரம்மாவின் விரல் போகிற பக்கமெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் புரியாதபோது தலையை ஆட்டுவது என் பிறவிக் குணம். நிக்காஹ் அன்று ஹஜ்ரத் சம்மதமா என்று கேட்டதற்கும் நான் அப்படித்தான் ஆட்டியதாக அவள் சொல்லிக்காட்டுவாள்.

அவளுடைய இடது மார்பில் ஒரு கட்டி. நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு மாதம் போல இருக்கும், குளிக்கும்போது அவளே தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தது. என்னிடம் சொல்ல இரண்டு வாரம் எடுத்துக்கொண்டாள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க அதுக்கும் ஒரு சிரிப்பு சொல்லுவீக. அதக் கேக்க எனக்குத் தெம்பில்ல" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். மூடிய வாய்க்குள் ஒரு வேடிக்கை ஏற்கெனவே தயாராக நின்றது என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு வேடிக்கை வரும். வியர்வையை டவலால் துடைக்கலாம். இதற்கு ஒன்றும் இல்லை.

ராஜபாளையத்தில் நாங்கள் பார்த்த சர்ஜன் நிதானமானவர். இரண்டு விஷயம் தெரிய வேண்டும் என்றார். முதலாவது, கட்டி கெட்டதா இல்லையா. அதற்கு ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்து மதுரைக்கு அனுப்பினார். முடிவு வரப் பத்து நாளாவது ஆகும். இரண்டாவது, கட்டி ஆழத்தில் எதுவரை போயிருக்கிறது. நெஞ்சுச் சுவரைத் தொட்டிருந்தால் உடனே ஆபரேஷன் செய்ய முடியாது, முதலில் மருந்து ஏற்றிப் பார்க்க வேண்டும். தொடவில்லை என்றால் எடுத்துவிடலாம். கட்டி மார்பின் அடிப்பக்கம், மடிப்பை ஒட்டி இருந்ததால் கையால் தொட்டு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சிடி எடுத்து வாருங்கள் என்றார்.

ராஜபாளையத்தில் சிடி எடுக்க இடமில்லாமல் இல்லை. ஆனால் அங்கே டோக்கன் கொடுக்கிறவர் எங்கள் தெருக்காரர். காலையில் உள்ளே போனால் சாயங்காலத்துக்குள் பேண்டேஜ் கம்பெனி சூப்பர்வைசர் வீட்டில் இப்படியாம் என்று பஸ் நிலையம் வரை போய்விடும். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர் போகலாம் என்று நான்தான் திட்டம் போட்டேன். என் திட்டங்களின் லட்சணத்தைக் கேளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரே நின்றவர் எங்கள் கம்பெனிக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்கிறவர். என்ன பாய், குடும்பத்தோட காலையிலேயே, என்று கேட்டார். பால்கோவா வாங்க வந்தோம் என்றேன். அவர் மனசு இளகிப்போய், தனக்குத் தெரிந்த கடைக்கு எங்களை இழுத்துக்கொண்டு போய், சூடாக அரைக் கிலோ கட்டித் தந்து, காசு வாங்கவே மாட்டேன் என்றார். ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். என் மனைவி முந்தின இரவிலிருந்து பட்டினி. அவள் மடியில் அந்தப் பொட்டலத்தை வைத்துக்கொண்டுதான் ஸ்கேன் சென்டரில் எங்கள் முறைக்குக் காத்திருந்தோம். நெய் வாசனை அந்த ஹால் முழுக்கப் பரவியது. அவள் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

ஸ்கேன் எடுக்கும் அம்மா சோழபுரத்துக்காரர். நாற்பதை நெருங்கும் வயது, சுறுசுறுப்பான கை. செயின், தோடு, ஊக்கு, ஹூக் எல்லாம் எடுத்துருங்கக்கா, உலோகம் ஒண்ணும் இருக்கக்கூடாது என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். என் மனைவி நிக்காஹ் அன்று கட்டிய கருகமணியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். நான் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன். என் முகத்தைப் பார்த்த அந்த அம்மா, சார் நீங்க செத்த உக்காருங்க என்று சொல்லி எனக்கு பிரஷர் பார்த்தார். பேஷண்ட்டை விட எனக்குத்தான் அதிகமாக இருந்தது.

அரை மணி கழித்துத்தான் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

திரையில் கறுப்பும் சாம்பலுமாக ஒரு நெஞ்சு. ரொட்டியைத் துண்டு போடுவது போல குறுக்கே அறுத்து அறுத்துக் காட்டினார் டாக்டரம்மா. இது நுரையீரல், இது எலும்பு, இது கட்டி. கட்டி சாம்பலில் ஒரு வெளிறிய உருண்டை. அதற்குக் கீழே, சர்ஜன் பார்க்கச் சொன்ன அதே இடத்தில், பளீரென்று ஒரு வெள்ளை. ஒரு துண்டில் புள்ளியாக, அடுத்த துண்டில் கோடாக, அதற்கடுத்ததில் வளைந்து திரும்பிய கோடாக. அதிலிருந்து இரண்டு பக்கமும் கீற்றுக் கீற்றாக வெளிச்சமும் இருட்டும் சிதறியிருந்தன, ராத்திரி பஸ் கண்ணாடியில் எதிர் லாரியின் ஹெட்லைட் விழுந்தால் சிதறுமே, அது மாதிரி. நெஞ்சுச் சுவர் இருக்க வேண்டிய இடம் அந்தக் கீற்றுக்குள் காணாமல் போயிருந்தது.

"வேர் விட்டிருச்சா டாக்டர்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது.

வேரெல்லாம் இல்லை, இது நோயே இல்லை, படத்தின் கோளாறு என்றார் அவர். ஏதோ கெட்டியான பொருள் கதிரை வழிமறித்திருக்கிறது. மறித்த இடத்தில் கம்ப்யூட்டருக்குக் கணக்குத் தப்பிப்போய் இப்படிக் கோடு கோடாக வரைந்துவிடும். சில சமயம் நோயாளி மூச்சை விட்டுவிட்டாலும் படம் இப்படிக் கலங்கும், ஆனால் இது மூச்சு மாதிரித் தெரியவில்லை. உடம்பிலேயே வளர்ந்ததாகவும் தோன்றவில்லை என்று பொறுமையாகச் சொன்னார். அத்தனையும் உண்மை. நான் ஒரு வார்த்தையையும் நம்பவில்லை. ஆறுதல் சொல்லும் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சரக்கு ரெடியாகாதபோது வாங்குகிறவர்களிடம் போனில் நான் பேசுவது அந்தக் குரலில்தான். லாரி கிளம்பிருச்சு சார், கோவில்பட்டி தாண்டிருச்சு சார். லாரி ஷெட்டுக்குள் நிற்கும்.

டாக்டரம்மா சொன்னதன் பேரில் சோழபுரத்து அம்மா கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு வழியைத் திறந்தார். உலோகத்தால் வருகிற கீற்றுகளைக் குறைப்பதற்கென்றே அதில் ஒரு ஏற்பாடு இருக்கிறதாம். பச்சைக் கோடு நகர்ந்தது, படம் மறுபடி மெல்ல மெல்லக் கட்டப்பட்டு வந்தது. நான் எழுந்தே நின்றுவிட்டேன். வெள்ளை மங்கிவிட்டது. கீற்றுகள் பாதிக்கு மேல் போய்விட்டன. இருந்த இடத்தில் சுத்தமான சாம்பல் நிறம், கொஞ்சம் அழுக்குப் படிந்த மாதிரி ஒரு திட்டு, அவ்வளவுதான்.

அழியுது டாக்டர், இன்னும் ரெண்டு தடவ போட்டா முழுசா போயிரும் என்றேன், சலவைக்காரரிடம் கறையைப் பற்றிப் பேசுகிறவன் போல.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கோடு எங்க இருந்துச்சோ அங்க என்ன இருக்கும்னு மெஷின் அனுமானமா நிரப்பியிருக்கு. உங்க வீட்டம்மாவுக்கு உண்மையில அங்க என்ன இருக்குன்னு எனக்கு இன்னும் தெரியல. தெரியாததச் சுத்தமா இருக்குன்னு நான் எப்படி எழுத முடியும்?"

காரணம் தெரிந்தால் மறுபடி எடுக்கலாம், காரணம் தெரியாமல் இன்னொரு முறை கதிரைப் பாய்ச்ச மாட்டேன் என்றார். பிறகு என்னிடம் சில கேள்விகள் கேட்டார். முன்னால் நெஞ்சில் ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கிறதா, கிளிப், கம்பி ஏதாவது உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்களா, ஒடிந்த ஊசி கிடக்கிறதா. அவங்ககிட்ட நல்லாக் கேட்டுட்டு வாங்க என்றார்.

நான் வெளியே வந்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு துண்டு பால்கோவாவை வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் விழுங்காமல் நிறுத்தினாள். என்ன சொல்லுதாக என்று கேட்டாள். நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ஒரே ஒரு கேள்வி. ஆனால் கேட்டால் எதற்குக் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் வெள்ளைக் கோட்டைச் சொல்ல வேண்டும். கோட்டைச் சொன்னால் வேரைச் சொல்ல வேண்டும். மெஷின்ல கரண்ட் கோளாறாம், உன்னப் படம் எடுத்த பவுசுல பீஸ் போயிருச்சு என்றேன். அப்படியே திரும்பி உள்ளே போய், கேட்டுட்டேன் டாக்டர், அவளுக்கு அப்படி ஒண்ணும் இல்லையாம் என்று சொன்னேன்.

என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில், பத்தடி நடந்து போய் பத்தடி திரும்பி வந்து, இத்தனை சிரத்தையாகச் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அப்படியென்றால் வீட்டுக்குப் போய் இன்னொரு தடவை நிதானமாக யோசித்துப் பாருங்கள், வாரக் கடைசிக்குள் வாருங்கள் என்று ஃபிலிமைக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஃபிலிமை எங்கள் மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். எந்த மெத்தையின் உறையை என் மனைவி வாரம் ஒருமுறை மாற்றுவாளோ அதே மெத்தை. ரிசல்ட் எங்கே என்று கேட்டவளிடம், கம்ப்யூட்டரில் அனுப்புவார்கள் என்றேன். அதற்கப்புறம் மூன்று நாள் நான் அடித்த கூத்தை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஷிப்ட் நோட்டில் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவள் பெயரை எழுதினேன். இரண்டு கால்களிலும் வேறு வேறு செருப்போடு மதிய ஷிப்டுக்குப் போய், ஆள் குறைவு என்பதால் ஒரு செருப்பு வீட்டிலிருந்து ஓவர்டைம் வந்திருக்கிறது என்று சொல்லிப் பெண்களைச் சிரிக்க வைத்தேன். வீட்டில் அவள் சோறு வைத்தால் சோற்றைப் பற்றி ஒரு வேடிக்கை, தண்ணீர் வைத்தால் தண்ணீரைப் பற்றி ஒன்று. அவள் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததால் இன்னும் இரண்டு சொன்னேன். நடுவில் தொழுகைக்குப் போனால் எத்தனை ரக்அத் தொழுதேன் என்பதே மறந்துபோய்ப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துப் பார்த்து எழுந்து உட்கார்ந்தேன். கையேந்தி உட்கார்ந்தால் கண்ணுக்குள் அந்தக் கோடு மட்டும் வளர்ந்தது.

நான்காம் நாள் காலையில் குளித்துவிட்டு வந்தபோது மெத்தை உறை தரையில் கிடந்தது. அவள் ஜன்னலோரம் நின்று ஃபிலிமை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏட்டி, அது வேற யாரோடதோ மாறி வந்துருச்சு என்று ஆரம்பித்தேன்.

"என் பேரு போட்டிருக்கு" என்றாள், திரும்பாமல்.

அழுவாள் என்று காத்திருந்தேன். சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஃபிலிமை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். ஸ்கேன் தொடங்கும் முன்னால் எக்ஸ்ரே மாதிரி முன்பக்கமாக ஒரு படம் எடுப்பார்களாம். அது முதல் கட்டத்தில் சின்னதாக இருந்தது. அதன்மேல் நகத்தை வைத்தாள்.

"இந்தக் கோட்டப் பாத்தா பயந்தீக?"

நான் தலையை ஆட்டினேன்.

"மூணு திருப்பம் இருக்கு. நாலா மடிச்சா இப்படித்தான் வரும். இது நம்ம நூலுங்க."

எனக்கு விளங்கச் செத்த நேரம் ஆயிற்று. விளங்கியதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் தொழிலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஆபரேஷனில் ரத்தம் ஒற்றி எடுக்கும் துணியை நாங்கள் செய்கிறோம். கவனக்குறைவாக ஒன்று வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டால் கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா. வெறும் பருத்தி எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் அதில் ஒரு நீல நூலைச் சேர்ப்போம். பேரியம் கலந்த நூல். கம்பெனியில் எக்ஸ்ரே நூல் என்போம். எலும்பு தெரிகிற மாதிரி படத்தில் பளீரென்று வெள்ளையாகத் தெரியும். தெரிய வேண்டும் என்பதுதான் அதன் ஒரே வேலை. அந்த நூல் விட்டுப்போகாமல் ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் வேலை. வெளியூரிலிருந்து வாங்குகிறவர்கள் வந்தால், ஒரு துணியை எக்ஸ்ரே எடுத்து வைத்திருக்கும் படத்தைச் சுவரில் மாட்டி, பாருங்க சார், உடம்புக்குள்ள எந்த மூலையில கெடந்தாலும் தப்பிக்காது என்று மார் தட்டுகிறவன் நான். என் மனைவி அதே கம்பெனியில் கல்யாணத்துக்குப் பிறகு பன்னிரண்டு வருடம் மடிப்புப் பிரிவில் இருந்தவள். ஒரு நாளைக்கு எத்தனை நூறு மடித்தாளோ, அவள் விரலுக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊரில் பேண்டேஜ் கம்பெனி ஆட்கள் வீட்டில் கடைத்துணி ஒன்றும் வாங்குவதில்லை. ஓரம் பிசகியது, அளவு குறைந்தது என்று ஒதுக்கியதெல்லாம் கட்டுக் கட்டாக வீட்டுக்கு வரும். இட்லிச் சட்டிக்கு அதுதான், பால் வடிகட்ட அதுதான், பிள்ளைகள் முட்டி உடைந்தால் அதுதான். நீல நூல் போட்டதை மட்டும் சமையலுக்கு எடுக்க மாட்டோம், காயத்துக்கு வைப்போம். அந்தக் கோடையில் அவளுக்கு மார்பின் அடி மடிப்பில் வேனல் கொப்புளம் வந்து உடைந்திருந்தது. களிம்பு தடவி, ஒரு துணியை நாலாக மடித்து மடிப்புக்குள் வைத்து ஒட்டியிருந்தாள். மல்லாந்து படுத்தபோது மார்பு அதன்மேல் சரிந்து மூடிக்கொண்டது. அதனால்தான் படத்தில் உள்ளே இருப்பது போல இருந்திருக்கிறது. ஸ்கேன் எடுக்கும் அம்மாவிடம் கொப்புளத்துக்குத் துணி வைத்திருக்கிறேன் என்று சொல்லவும் செய்திருக்கிறாள். துணிதானே, இருக்கட்டும்க்கா என்றிருக்கிறார் அவர். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. உலகத்தில் மற்ற ஊர்களில் துணி என்றால் துணிதான்.

அந்தத் துணிக்கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தது நான்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. நூல் தெரிகிறதா என்று சோதிக்கவே சம்பளம் வாங்குகிறவனுக்கு, நூல் தெரிந்தபோது தெரியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவன் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தேன் என்று கவனிக்கவில்லை. அவள் ஃபிலிமைக் கவருக்குள் வைத்து, மெத்தை உறையை எடுத்து மாட்டத் தொடங்கினாள். ஒரு முனையை என் பக்கம் நீட்டினாள். பிடித்து இழுத்துவிட்டேன்.

"அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, அப்பவே எடுத்துட்டு மறுபடி படுத்திருப்பேன்" என்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள். "மூணு நாளா நீங்க சிரிப்பாக் காட்டும்போதே எனக்குத் தெரியும், என்னமோ பெருசாச் சொல்லியிருக்காகன்னு. நான் அத விடப் பெருசா நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

நான் பயந்தது ஒரு கோட்டுக்கு. அவள் கோட்டைக்கூடப் பார்க்காமல், என் வேடிக்கைகளை எண்ணிக்கொண்டு அதிலிருந்தே தன் நோயின் அளவைக் கணக்கிட்டிருக்கிறாள். அது எனக்கு அப்போது சுருக்கென்று தைத்தது. இப்போதும் தைக்கிறது.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். பஸ் நிலையத்தில் யாரும் எதிர்ப்படவில்லை. எதிர்ப்பட்டிருந்தாலும் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன், சத்தியம் பண்ண மாட்டேன். என் மனைவி ஒரு புதுத் துணியை டாக்டரம்மாவின் மேஜையில் விரித்து, நீல நூலைக் காட்டி, நாலாக மடித்து வைத்தாள். டாக்டரம்மா அதையும் திரையில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனாவைத் திறந்து மூடினார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம். சோழபுரத்து அம்மாதான், வெளியே கூட்டிப்போகும்போது, இனிமே நான் துணியையும் கேப்பேன்க்கா, எங்க ஊருக்குப் பக்கத்து ஊர்ல இப்படி ஒரு துணி நெய்றது எனக்கே தெரியாமப் போச்சே என்றார்.

இந்தத் தடவை கொப்புளத்துக்கு மேல் ஒன்றுமில்லாமல் படுத்தாள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லும் குரல் கதவு வழியாகக் கேட்டபோது நானும் பிடித்துக்கொண்டேன். விடச் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை.

படம் வந்தது. வெள்ளை இல்லை, கீற்று இல்லை. கட்டி அதே இடத்தில் உருண்டையாக இருந்தது. அதற்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில் கறுப்பாக ஒரு மெல்லிய கொழுப்புப் பட்டை, முழுதாக, அறாமல் ஓடியது. இந்தக் கறுப்புத்தான் நமக்கு வேண்டியது என்றார் டாக்டரம்மா. சுவரைத் தொடவில்லை. சர்ஜன் எடுத்துவிடலாம். அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளும் பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கின்றன. எழுதித் தருகிறேன்.

எனக்கு அதற்கப்புறம் ஒன்றும் காதில் விழவில்லை. கோடு போய்விட்டது. என் தலைக்குள் நோயும் கோடும் ஒன்றாக இருந்ததால், கோட்டோடு நோயும் போய்விட்டது. வரும் வழியில் பால்கோவா ஒரு கிலோ வாங்கி, நேராகக் கம்பெனிக்குப் போய் மடிப்புப் பிரிவுப் பெண்கள் எல்லாருக்கும் கொடுத்தேன். யாருக்கும் தெரியக்கூடாது என்று வெளியூர் போய் ஸ்கேன் எடுத்தவன், நடந்த கதையை நானே நடித்துக் காட்டினேன். சுவரில் மாட்டியிருந்த எக்ஸ்ரே படத்தைப் பார்த்து நான் மயங்கி விழுவது போல விழுந்தும் காட்டினேன். அப்படிச் சிரித்தார்கள். என் மனைவியோடு அந்தக் காலத்தில் ஒரே மேஜையில் மடித்த ஒரு அம்மா மட்டும் பால்கோவாவைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்காமல் இருந்தார்.

"கோடு போச்சு, சரி. கட்டி?" என்று கேட்டார்.

நான் தரையிலிருந்து எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டேன்.

ஊசி போட்டு எடுத்த சதையின் ரிப்போர்ட் அடுத்த வாரம் வந்தது. சர்ஜனின் ஆஸ்பத்திரிக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். நான் மட்டும் போய் வாங்கி வருகிறேன் என்றேன். நானும் வாரேன் என்றாள். பைக்கில் போனோம். ஆஸ்பத்திரி வாசலில், வண்டிகள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்ச். ஒட்டிய கவரைக் கொடுத்து, டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்து வர அரை மணி ஆகும், வந்ததும் கூப்பிடுவோம் என்றார்கள்.

கவர் என் கையில் இருந்தது. டாக்டர் வந்து பிரிக்கட்டுமே என்றேன்.

"இல்ல. நீங்க படிங்க. இருக்கிறத இருக்கிற மாதிரிப் படிங்க. நடுவுல ஒண்ணும் சேக்காதீக. ஒண்ணும் விடவும் விடாதீக."

பிரித்தேன். கவரோடு சேர்ந்து உள்ளே இருந்த தாளின் ஓரமும் கிழிந்தது. இங்கிலீஷில் இருந்ததை ஒவ்வொரு வரியாக வாசித்துத் தெரிந்தவரை தமிழில் சொன்னேன். எத்தனை துண்டு சதை வந்தது, என்ன நிறம், எத்தனை மில்லிமீட்டர் என்று மேலே நாலைந்து வரி. அதையெல்லாம் மெதுவாக வாசித்தேன். வேண்டுமென்றே மெதுவாக. கீழே கொட்டை எழுத்தில் முடிவு. அந்த வார்த்தை எனக்குத் தெரிந்த வார்த்தைதான். மூன்று நாள் போனில் தேடித் தேடி மனப்பாடம் ஆகியிருந்த வார்த்தை. அதைத் தமிழில் சொல்ல வாய் திறந்தபோது, வழக்கம்போல ஒரு வேடிக்கைதான் முதலில் நாக்குக்கு வந்தது. எங்கிருந்து வந்ததோ, கச்சிதமான வேடிக்கை. அதை விழுங்கிவிட்டு, புற்றுநோய் என்ற வார்த்தையைச் சொன்னேன்.

அவள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். எதிரே ஒருவர் பைக்கை எடுக்க முடியாமல் முன்சக்கரத்தைத் திருப்பித் திருப்பி இழுத்துக்கொண்டிருந்தார். அவர் எடுத்துப் போகும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எந்தப் பக்கம்னு போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

தேடினேன். மேலே, முதல் வரியிலேயே இருந்தது. இடது என்றேன்.

"பேரு?"

"ஒம் பேருதான்."

"வயசு?"

அதையும் சொன்னேன். பன்னிரண்டு வருடம் பெட்டியை ஒட்டுமுன் லேபிளைச் சரிபார்த்தவள், ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். பிறகு ரிப்போர்ட்டை என் கையிலிருந்து வாங்கி, கிழிந்த ஓரத்தை விரலால் நீவி, மடிப்புக் கலையாமல் கவருக்குள் வைத்தாள்.

"அப்ப நம்மளதுதான்" என்றாள்.

உள்ளிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கவரையும் ஸ்கேன் படத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்து முன்னால் நடந்தாள்.